மறுநாளே எழுப்பி இருத்தினார்கள்

எழுபது வயதைக் கடந்த என் தாயார் வெள்ளவத்தையிலுள்ள எங்கள் மாடிவீட்டின் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, கொழும்பின் அரச வைத்தியசாலை ஒன்றில் இடுப்பு மூட்டின் பந்துப் பகுதியை மாற்றும் சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்ததும் சுவசெரிய அம்புலன்ஸ் வந்து இலவசமாக ஏற்றிச் சென்றதையோ, சத்திரசிகிச்சை நடந்த விதத்தையோ நான் விரித்து எழுதப் போவதில்லை. அதற்குப் பிந்திய பராமரிப்பே என் விடயம். ஒபரேஷன் செய்தவர் அசையாமல் படுத்திருந்தால்தான் உடம்பு தேறும் என்று எங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லோரும் நம்பியிருந்தார்கள். வைத்தியசாலை விடுதியில் நடந்ததோ அதற்கு நேர்மாறு.

முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்தே சத்திரசிகிச்சை நடந்தது. அம்மாவைக் கட்டிலுக்குக் கொண்டுவந்த பின், முதல் மணித்தியாலங்களில் ஒரு தாதி 15 நிமிடங்களுக்கு ஒருமுறையும், பிறகு அரை மணிக்கு ஒருமுறையும், அதன்பின் மணிக்கு ஒருமுறையும் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுவாசம், ஒட்சிசன் அளவு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்த ஊசியால் இரத்த அழுத்தம் சடுதியாக இறங்கலாம். உள்ளே இரத்தம் கசிந்தால் அழுத்தம் இறங்குவதற்கு முன்பே நாடி வேகமெடுக்கலாம். கட்டுக்கு மேலே துணி வெள்ளையாக இருந்தும் அவர் திருப்தியடையவில்லை. கையுறை அணிந்த கையை இடுப்புக்கு அடியில் மெதுவாக நுழைத்து, வெளியே எடுத்துப் பார்த்தார். கசிகிற இரத்தம் மேலே தெரியாமல் சரிந்து முதுகுப் பக்கம் தேங்குமாம். பிறகு கால் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளிறிய நிறம் எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று கவனித்தார்.

விறைப்பு விலகியதும் வலி தொடங்கியது. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அந்தத் தாதிக்குத் தெரிந்த தமிழோ சில சொற்கள்தான். பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது, விரல்களால் காட்டுங்கள் என்று அவர் சொன்னதை நான் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா இரண்டு விரல்களைக் காட்டி, "பரவாயில்லை பிள்ளை" என்றார். தாதி அந்த விரல்களை நம்பவில்லை. நெற்றிச் சுருக்கத்தையும், கட்டில் சட்டத்தை இறுகப் பற்றியிருந்த கையையும், ஏறியிருந்த நாடியையும் பார்த்துவிட்டு வைத்தியருக்கு அறிவித்து மருந்து கொடுப்பித்தார். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதைப் பெருமையாகக் கருதும் தலைமுறையைச் சேர்ந்தவர் அம்மா. அந்தப் பெருமை சத்திரசிகிச்சை விடுதியில் ஆபத்தானது என்பதே என் கருத்து. வலியோடு கிடப்பவர் ஆழமாக மூச்செடுக்க மாட்டார், இருமவும் மாட்டார். சளி நெஞ்சில் தேங்கி நியூமோனியா வர அதுவே போதும். அதனால்தான் அம்மாவை எழுப்புவதற்குச் சற்று முன்னதாகவே வலிமருந்தைக் கொடுத்துவிடுவார்கள்.

மறுநாள் காலையில் பிசியோதெரபிஸ்டும் தாதியும் வந்து அவரை எழுப்பி இருத்த முனைந்தபோது, பார்க்க வந்திருந்த சித்தி அழாக்குறையாகத் தடுத்தார். தாதி கோபிக்காமல் சொன்னவற்றை நான் மொழிபெயர்த்தேன். அசைவில்லாத காலில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம், அது கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வயிற்றுத் தோலில் போடும் ஊசி அதைத் தடுக்கத்தான், ஆனாலும் ஊசி மட்டும் போதாது. குதிக்காலிலும் வால் எலும்புப் பகுதியிலும் படுக்கைப்புண் வந்தால், ஒபரேஷன் காயத்தைவிட அதை ஆற்றுவது கடினம். முதலில் கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வைத்தார்கள். பின்பு கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டுச் சில நிமிடங்கள் இருத்தினார்கள். படுத்திருந்தவரை நேரே நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து தலைசுற்றும். தலைசுற்றவில்லை என்று உறுதிசெய்த பிறகே வோக்கரைப் பிடிக்கவிட்டார்கள். அன்று அவர் பக்கத்திலிருந்த கதிரை வரைதான் போனார்.

எங்களை உண்மையில் கலங்க வைத்தது காயமல்ல, இரவுதான். இருட்டியதும் அம்மா, "மாட்டை அவிட்டுக் கட்டச் சொல்லு, மழை வரப்போகுது" என்று கூப்பிடத் தொடங்கினார். ஊரில் அந்த மாட்டை விற்றுப் பல வருடங்கள். மூளை குழம்பிவிட்டது என்றார் ஒரு மாமி. கோயிலில் நூல் கட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். இடுப்பு முறிந்த முதியவர்களுக்குச் சத்திரசிகிச்சையின் பின் இப்படித் தற்காலிகக் குழப்பம் வருவது சாதாரணம் என்று தாதி சொன்னார். ஆனால் சாதாரணம் என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் இருக்கவில்லை. ஒட்சிசன் குறைந்துள்ளதா, சிறுநீர் தடைப்பட்டுள்ளதா, காய்ச்சல் உள்ளதா, மலம் கழிந்ததா, எந்த மருந்து புதிதாகச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். பகலில் பேச்சுக்கொடுத்து விழிப்பாக வைத்திருக்கவும், இரவில் தெரிந்த முகம் ஒன்று அருகில் இருக்கவும் வேண்டும் என்றார். சில நாள்களில் தெளிந்துவிட்டது. நூலால் தெளிந்ததென்று சொல்லும் மாமியோடு நான் வாதாடவில்லை.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று கையில் தந்த, நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் கார்டைவிட, தாதி வாய்மொழியாகச் சொன்னவையே வீட்டில் அதிகம் பயன்பட்டன. மூட்டு நழுவாதிருக்க, இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது, தாழ்வான கதிரையில் இருக்கக்கூடாது, சரிந்து படுக்கும்போது முழங்கால்களுக்கிடையே தலையணை வைக்க வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடம் அறவே ஆகாது. ஆகவே கொமட் கதிரை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். காயத்தைச் சுற்றிச் சிவந்தாலோ, சூடானாலோ, நீர் கசிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே கொண்டுவர வேண்டும் என்பதை அவர் இரண்டாம் முறையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டில் சண்டை தொடங்கியது. முட்டை, மீன், தக்காளி எல்லாம் கிரந்தி, காயம் சீழ் கட்டும் என்று சித்தி தடைவிதித்து, பருப்பும் சோறுமே போதும் என்றார். காயம் ஆறுவதற்கும் தேய்ந்த தசை மீள்வதற்கும் புரதம் தேவை என்பதால், தினமும் முட்டையும் மீனும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கடைசியில் சுறா வறை எங்களைச் சமாதானப்படுத்தியது. அது பத்தியக்காரருக்கும் ஆகும் என்று சித்தியே ஒப்புக்கொண்டார். வலிமருந்தால் வந்த மலச்சிக்கலுக்குப் பப்பாசிப்பழமும், தண்ணீரும், வைத்தியர் எழுதிய பாணி மருந்தும் உதவின.

தையல் இரண்டு வாரமளவில் பிரிக்கப்பட்டது. கிளினிக்கில் எக்ஸ்றே படத்தைப் பார்த்த வைத்தியர், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிவதென்றால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது என்று பொருள், மற்றப் பக்கமும் முறியலாம் என்று சொல்லி, கல்சியத்துடனும் விற்றமின் டியுடனும் எலும்பை வலுப்படுத்தும் மருந்தையும் எழுதினார். குளியலறையில் கைபிடியும் இறப்பர் விரிப்பும் பொருத்தியாயிற்று; அம்மா கைபிடியைப் பிடிக்காமல் நடக்கிறாரா என்று பார்ப்பது இப்போது சித்தியின் பொறுப்பு.