உச்சிக்குடும்பன் சிரித்தால் ராமாயணம் குறைந்துவிடாது

மரபை மதிக்கிறவனுக்கு நையாண்டி ஆகாது என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. நான் பழமைவாதிதான். கோயில் கொடைக்கு வரி கொடுக்காமல் இருந்ததில்லை, குடும்பங்கள் சிதறுவதில் வருத்தம் உண்டு, ஓட்டுப் போடுவதும் பெரும்பாலும் வலது பக்கம்தான். ஆனாலும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது என் பையில் ஒரு காமிக்ஸ் இருக்கும். பத்திரிகையைப் பிரித்தால் தலையங்கத்துக்கு முன்னால் கருத்துப்படத்தைத்தான் பார்ப்பேன். அக்கா மகன் கேட்கிறான்: "மாமா, உங்க ஆளுங்களையே கேலி பண்ணி வரைஞ்சிருக்கான். நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீங்களே?"

சிரிக்கிறேன் மக்கா. ஏன் என்று விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழி திறந்துவிட்டவர் பாரதியார். 1906இல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அவர் படம் போட்டு வெள்ளைக்காரனைக் கிண்டல் செய்தார். பராசக்தியைப் பாடிய அதே மனிதர்தான் அதையும் செய்தார். நம் பழைய திருவிதாங்கூர் சீமையிலிருந்தே இரண்டு பெரிய கார்ட்டூனிஸ்டுகள் கிளம்பினார்கள். காயங்குளத்துக்காரரான சங்கர், மாவேலிக்கரைக்காரரான அபு ஆப்ரகாம். 1956 வரைக்கும் நாமும் அந்தச் சீமைக்காரர்கள்தான், அந்த வகையில் இவர்கள் நமக்கு அயலார் இல்லை.

அபு வரைந்த ஒரு படத்தை நான் மறக்கவே மாட்டேன். 1975 டிசம்பர், நெருக்கடி நிலை நடக்கிறது. குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் படுத்திருக்கிறார். கதவு இடுக்கு வழியாக நீட்டப்பட்ட காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் கொஞ்சம் பொறுக்கச் சொல் என்கிறார். அவ்வளவுதான் படம். நாட்டின் முதல் குடிமகனை இப்படி வரையலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். அந்தப் பதவியின் மரியாதையைக் கெடுத்தது அபு இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்ட கைதான் கெடுத்தது. பதவியை உண்மையிலேயே மதிக்கிறவனுக்குத்தான் அதில் உட்கார்ந்திருப்பவர் அதற்குத் தகுந்தவராக இல்லாதபோது கோபம் வரும். அபுவின் கோபமும் என் கோபமும் அந்த இடத்தில் ஒன்று, அவருடைய மற்ற அரசியல் எனக்கு ஒத்துவராது என்றாலும்.

1970 பொங்கலன்று வந்த துக்ளக் முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டிருக்கும். அதன் ஆசிரியர் சோ கடவுள் நம்பிக்கையுள்ளவர், சாஸ்திரம் படித்தவர். நெருக்கடி நிலை வந்தபோது அட்டையைக் கறுப்பாக அச்சடித்தவரும் அவர்தான். பழமைவாதி என்றால் அதிகாரத்துக்குச் சாமரம் வீசுகிறவன் என்று நினைக்கிறவர்கள் அந்தக் கறுப்பு அட்டையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் 1987, ஆனந்த விகடன். அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருக்கிறவர்களில் ஜேப்படித் திருடன் மாதிரி இருக்கிறவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருக்கிறவர் மந்திரி என்று ஒருவர் இன்னொருவருக்கு அடையாளம் சொல்வார். இதற்காகச் சட்டமன்றம் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பில் மூன்றே நாளில் விடுதலை செய்தார்கள். பிறகு நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன ஆயிரம் ரூபாய் இழப்பீட்டை அவர் செலவழிக்கவில்லை, பிரேம் போட்டு மாட்டிவைத்தார். ஒரு ஜோக்குக்கு ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பியதில் அவையின் மானம் கூடியதா? எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இதெல்லாம் அச்சு வந்த பிறகு வந்த கதை. எங்கள் மாவட்டத்துக்கு அதற்கும் முந்தின காமிக்ஸ் ஒன்று உண்டு. தோல்பாவைக்கூத்தைத்தான் சொல்கிறேன். வெள்ளைத்துணித் திரை, பின்னால் விளக்கு, ஆட்டுத்தோலில் வரைந்து துளையிட்டுச் சாயம் ஏற்றிய பாவைகள். வீட்டுக்குள் மராத்தி பேசும் குடும்பங்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகின்றன. ராமனுக்கும் ராவணனுக்கும் சீதைக்கும் கூனிக்கும் ஒரே மனிதர்தான் குரல். ராமாயணம் இரவு இரவாக நீளும். நடுவில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிப் பாவைகள் வந்து குதிப்பார்கள்.

சின்ன வயதில் திருவட்டாறு பக்கம் நான் பார்த்தது சேது கட்டும் இரவு. வானரங்கள் கல் சுமந்து போய்க்கொண்டிருக்கின்றன. உளுவத்தலையன் கேட்கிறான்: "இந்தப் பாலத்துக்குக் காண்ட்ராக்ட் எடுத்தது யாரு வேய்?" உச்சிக்குடும்பன் சொல்கிறான்: "நம்ம மெம்பருக்க மச்சான்." "அப்பம் ராமரு பாதி தூரம் போகதுக்குள்ள இடிஞ்சு விழுந்திருமே!" முன்வரிசையில் உண்மையிலேயே உள்ளூர் மெம்பர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது, அவரும் சிரித்தார். அடுத்த நொடி திரையில் ராமர் பாவை எழும்பியது. இவ்வளவு நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பாட்டிகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிரிப்பும் கும்பிடலும் ஒரே திரையில் நடந்தன, ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை.

படமோ காமிக்ஸோ மீமோ, எதை விமர்சனம் செய்தாலும் அந்தத் திரையை வைத்துத்தான் நான் அளக்கிறேன். உச்சிக்குடும்பன் மெம்பரைக் கேலி செய்தான். கும்பிட்ட பாட்டியைக் கேலி செய்யவில்லை. இன்றைக்கு வருகிற பல சினிமாப் படங்கள் தலைகீழாக இருக்கின்றன. திருநீறு பூசியவர் வில்லன், ஜெபமாலை உருட்டுகிறவர் ஏமாற்றுக்காரர், பிள்ளையைக் கண்டிக்கிற அப்பா கொடுமைக்காரர். ஊரை அடித்து உலையில் போடுகிற பெரும்புள்ளியோ பின்னணி இசையோடு, மெதுவான நடையோடு நாயகனாக வருகிறார். பக்கத்துத் தோட்டக்காரர் சர்ச் கமிட்டியில் இருக்கிறவர், அவருக்கும் இதே ஆதங்கம்தான். பலமில்லாதவனுடைய பக்தியைக் குத்துவதற்குத் தைரியம் ஒன்றும் தேவையில்லை.

உடனே "என்.எஸ்.கே. செய்யாததா?" என்று கேட்பார்கள். ஒழுகினசேரிக்காரர், நம் மண்ணின் கலைவாணர். பெரியாருக்கும் அண்ணாவுக்கும் நெருக்கமானவர், என் கட்சி இல்லை. மூடநம்பிக்கையை அவர் விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஏமாறுகிற மனிதன் மேல் அவருக்குப் பரிவு இருந்தது. வில்லுப்பாட்டையும் காலட்சேபத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வடிவங்களுக்குள்ளேயே நின்று பேசினார். அவர் கேலி செய்த பாட்டியும் அவரோடு சேர்ந்து சிரித்திருப்பாள். இன்றைய மீம்களில் அந்தப் பரிவைத் தேடிப் பார்க்கிறேன், அபூர்வமாகத்தான் அகப்படுகிறது. என் தரப்பு ஆட்கள் போடும் மீம்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன். எதிர்க்கட்சிக்காரரின் மனைவி, மகள் படத்தை வெட்டி ஒட்டிவிட்டு அதற்குத் தர்மம் என்று பெயர் வைப்பதை நான் ஏற்க முடியாது.

சரி, காமிக்ஸுக்கு வருவோம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது, 1984இல் லயன் வந்தது. ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்த காலை நேரங்களில் படித்த வகையில் என் மனதுக்கு நெருக்கமானவர் டெக்ஸ் வில்லர். 1948இல் இத்தாலியில் பிறந்த கௌபாய். ரேஞ்சர், அதாவது அரசாங்கத்தின் ஆள். அதே சமயம் நவஹோ என்ற செவ்விந்திய மக்களின் தலைவர், அவர்களுக்கு இரவுக் கழுகு. அந்த மக்களின் பெண் லிலித்தை மணந்தவர். அம்மை தொற்றிய கம்பளிகளைத் தெரிந்தே விற்ற வெள்ளைக்காரர்களால் அவள் இறந்துபோகிறாள். டெக்ஸ் அவளுக்குப் பிறகு வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகன் கிட்டை வளர்த்து, தன் பக்கத்திலேயே குதிரையில் ஓட வைக்கிறார். கார்சனோடு ஓயாத வாய்ச்சண்டை, ஆபத்து என்றால் உயிரைக் கொடுக்கும் நட்பு. கொடுத்த வாக்கு, மனைவியின் நினைவு, பிள்ளை, நண்பன், ஏற்றுக்கொண்ட மக்கள். நான் மரபு என்று சொல்வதெல்லாம் இதற்குள் இருக்கிறது.

செவ்விந்தியருக்கு வரவேண்டிய மாவையும் மாட்டிறைச்சியையும் திருடி விற்கிற அரசு ஏஜெண்ட் டெக்ஸ் கதைகளில் திரும்பத் திரும்ப வருவான். டெக்ஸ் அவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்குவார். ரேஞ்சர் பேட்ஜ் அணிந்திருப்பதாலேயே அந்தக் கோபம். ஒழுங்கை நம்புகிறவன் ஒழுங்கின் பெயரால் திருடுகிறவனை முதலில் பிடிக்க வேண்டும்.

பழைய காமிக்ஸைத் திருத்தி வெளியிடுவது பற்றியும் இரண்டு வார்த்தை. காமிக்ஸ் கௌபாய் லக்கி லூக்கின் வாயிலிருந்த சிகரெட்டை 1983இல் எடுத்துவிட்டுப் புல்லைச் செருகினார் மோரிஸ். உலக சுகாதார நிறுவனம்கூட அதைப் பாராட்டியது. டின்டினின் காங்கோ கதையில், உங்கள் தாய்நாடு பெல்ஜியம் என்று ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய பக்கத்தை 1946இல் கணக்குப் பாடமாக மாற்றினார் எர்ஜே. இரண்டையும் நான் ஏற்கிறேன், படைத்தவர் கையே திருத்தியது. இறந்துபோனவரின் பக்கத்தில் பதிப்பகத்து ஆள் உட்கார்ந்து சொல் மாற்றுவது வேறு விஷயம். முன்னுரை எழுதிக்கொள்ளட்டும், எச்சரிக்கை போட்டுக்கொள்ளட்டும். மூதாதையர் எழுதியதில் குறை இருந்தால் குறையோடுதான் பேரன் கையில் கொடுக்க வேண்டும்.

இப்போது எனக்கு ஓர் ஆசை. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ஐபேடில் அழகாக வரைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாம் சென்னை, டெல்லி அரசியலாகவே வரைகிறார்கள். நம் மலையை உடைத்து, பாறையும் எம் சாண்டுமாக கேரளத்துக்கு ஓடுகிற டாரஸ் லாரிகளை வரைய ஆள் இல்லை. காமராஜரை நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மாவட்டம் இது. 1996இல் தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ.வை பத்மநாபபுரத்தில் தேர்ந்தெடுத்த மாவட்டமும் இதுதான். எல்லாக் கட்சிக்கும் இங்கே ஆள் உண்டு. எல்லாக் கட்சி மேடையிலும் மலையைக் காப்போம் என்று பேசுகிறார்கள், லாரியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மேடையையும் லாரியையும் ஒரே கட்டத்துக்குள் வரையுங்கள். நான் ஓட்டுப் போட்டவர் அந்த மேடையில் இருந்தால் அவரையும் விடாதீர்கள், மூக்கைக் கொஞ்சம் பெரிதாகவே போடுங்கள். அச்சடிக்கிற செலவு என்னுடையது. குலசேகரம் சந்தையில் நானே நின்று விநியோகம் செய்கிறேன்.