பியானா தெலி அல்பனேசி: பழைய பெயரைச் சுமந்து வந்தவர்கள்

சிசிலியின் தலைநகரான பலேர்மோவிலிருந்து தெற்கே மலைப்பாதையில் ஏறிச் சென்ற பேருந்து என்னை இறக்கிவிட்ட ஊரில், தெருப் பெயர்ப்பலகைகள் இரண்டு மொழிகளில் இருந்தன. ஒன்று இத்தாலியம், மற்றொன்று ஆர்பரெஷ், அதாவது ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த அல்பேனியர்களின் மொழி.

துருக்கிய ஒட்டோமான் படைகளை எதிர்த்து நின்ற அல்பேனியத் தலைவர் ஸ்காண்டர்பெக் 1468-இல் இறந்தார். அவருடைய குரூயா கோட்டை 1478-இலும், ஷ்கோதர் நகரம் அதற்கடுத்த ஆண்டிலும் வீழ்ந்தன. அக்காலத்தில் தென் இத்தாலியில் கரையேறியவர்களுள் ஒரு கூட்டத்தார், 1488-இல் மொன்ரியாலே பேராயரோடு எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டு இங்கே குடியேறினர். இதைக் கருணை என்று மட்டும் எண்ண எனக்கு மனம் வரவில்லை. ஆளற்ற நிலத்துக்கு உழுகிற கைகள் வேண்டியிருந்தன.

கிழக்குத் திருச்சபையின் பைசாந்திய முறையில் வழிபட்ட இவர்களைச் சுற்றியிருந்தோர் கிரேக்கர் என்றே கருதினர்; 1941 வரை ஊரின் பெயரே 'கிரேக்கர்களின் சமவெளி' என்பதுதான். போப்பாண்டவரை ஏற்ற கத்தோலிக்கர்களே ஆயினும், இன்றும் இங்கு மணமானவர்கள் குருவாகலாம்.

தாயகத்தில் மக்கள் காலப்போக்கில் தங்களை 'ஷ்கிப்தார்' என்று அழைத்துக்கொள்ளத் தொடங்க, அதற்கு முன்பே புறப்பட்டுவிட்ட இவர்களிடம் 'ஆர்பர்' என்ற பழைய பெயர் தங்கிவிட்டது. தாயகத்து மொழியில் கலந்த துருக்கிச் சொற்கள் பலவும் இவர்கள் பேச்சில் இல்லை. 1990-களில் அல்பேனியாவிலிருந்து வந்தவர்களோடு பேச முடிகிறதா என்று ஓர் இனிப்புக் கடைக்காரரைக் கேட்டேன். மெதுவாகப் பேசினால் பாதி புரியும் என்று சிரித்தார்.

அந்தப் புதியவர்களின் வரவில் மறக்க முடியாத நாள் 1991 ஆகஸ்ட் 8. கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றி வந்திருந்த வ்லோரா என்ற கப்பலில் அல்பேனியாவின் துர்ரஸ் துறைமுகத்தில் ஏறிய ஏறத்தாழ 20,000 பேர் அன்று இத்தாலியின் பாரி நகரை அடைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் விளையாட்டரங்கில் அடைக்கப்பட்டு, சில நாட்களில் திருப்பி அனுப்பப்பட்டனர். முன்னோர் நிலம் பெற்ற அதே நாட்டில் இவர்களுக்குக் கிடைத்தது அந்த அரங்கின் வெயில்தான்.

கன்னோலியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த கடைக்காரர் 'ஹரிஸ்திஸ்' என்று நன்றி சொன்னார். கிரேக்க மண்ணிலிருந்து வந்த சொல் அது. ஆர்பரெஷ் மக்களுள் பலரின் மூதாதையர் தென் கிரேக்கத்தின் மோரேயாவில் வாழ்ந்துவிட்டுத்தான் இத்தாலிக்குக் கப்பல் ஏறினர்.