உப்புப் பாணும் ஒரு கோடு போட்ட கொப்பியும்

கனடாவின் டொரொன்டோ நகரிலுள்ள ஸ்காபுரோவில், லோரன்ஸ் கிழக்கு வீதி வழியே ஓடும் 54ஆம் இலக்கப் பேருந்திலிருந்து இறங்கிச் சில நிமிடம் நடந்தால் வரும் கடைத்தொகுதி ஒன்றில், பிலிப்பினோக் குடும்பம் ஒன்று நடத்திய சிறிய பேக்கரியில் நான் நான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். பாண் போடுவது என் வேலையாக இருக்கவில்லை. கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவதுதான் என் பொறுப்பு. அதோடு சேர்த்து, முதல் நாளே முதலாளி என் கையில் ஒரு கோடு போட்ட கொப்பியைத் தந்தார். வாங்க வருபவர்கள் பாணைப் பற்றியோ பணிஸைப் பற்றியோ எதைச் சொன்னாலும் அன்றைக்கே அதில் எழுத வேண்டும் என்றும், ‘நல்லது’, ‘கூடாது’ என்று நான் சுருக்காமல் அவர்கள் சொன்ன சொல்லையே எழுத வேண்டும் என்றும் அவர் சொன்னார். பின்னேரத்தில் கடை ஓய்ந்ததும் அவருடைய மனைவி அதை வாசிப்பார். முதலாளி மறுநாளைக்கான மாவைப் பிசைந்துகொண்டே கேட்பார். வாங்குபவரின் அபிப்பிராயம் மா பிசைபவரின் காதுக்கு உருமாறாமல் போய்ச்சேர வேண்டும் என்பதையும், இடையில் நிற்பவர் அதற்குச் சீனி சேர்த்தால் பாண் ஒருநாளும் திருந்தாது என்பதையும் நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கும்போது வெளியில் இரண்டு மூன்று பேராவது நிற்பார்கள். பெரும்பாலும் பிலிப்பினோப் பெண்கள். இரவு முழுவதும் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்துவிட்டு, சீருடைக்கு மேல் குளிர் அங்கி போட்டபடி நேராக வருபவர்கள். அவர்களில் வயதில் மூத்த சிலர், 1992இல் தொடங்கிய வீட்டோடு தங்கிப் பராமரிக்கும் தொழிலாளர் திட்டத்தின் கீழ் கனடாவுக்கு வந்து, பிறர் பிள்ளைகளை வளர்த்து, பல ஆண்டுகளுக்குப் பிறகே தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டவர்கள். உள்ளே வந்ததும் ‘பபிலி போ’ என்பார்கள். வாங்க வந்திருக்கிறேன் என்பதை மரியாதையோடு சொல்லும் முறை அது. தமிழ்க் காதுக்குப் ‘போ’ என்பது விரட்டும் சொல். அவர்களுக்கோ அது நம்முடைய ‘ங்கோ’வைப் போன்ற மரியாதை விகுதி. முதல் வாரம் அந்த ஒலியைக் கேட்டுத் திடுக்கிட்ட நான், இரண்டாம் மாதத்தில் என்னை அறியாமலே அதைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தேன். என்னிலும் இளையவர்கள் என்னை ‘ஆத்தே’ என்று அழைத்தார்கள். அக்கா என்று பொருள். முதியவர்களுக்கு நான் ‘அனாக்’, அதாவது பிள்ளை.

அவர்கள் வாங்க வருவது பாண்டெசால். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு உப்புப் பாண் என்று பொருள். ஆனால் வாயில் வைத்தால் மெல்லிய இனிப்புத்தான் முதலில் தெரியும். நாங்கள் யாழ்ப்பாணத்தில் சொல்லும் ‘பாண்’ போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. பிலிப்பினோக்களுடைய ‘பான்’ ஸ்பானியரிடமிருந்து வந்தது. இரண்டு ஊர்களிலும் கோதுமை விளைவதில்லை, இரண்டு ஊர்களிலும் காலைத் தேநீருக்கோ கோப்பிக்கோ பாண் இல்லாமல் விடிவதில்லை. முதலாளி படாங்காஸ் மாகாணத்தைச் சேர்ந்தவர். அங்கே விளையும் பராக்கோ என்ற கடுங்கோப்பியில் தோய்த்துச் சாப்பிட்டு வளர்ந்த பாணைத்தான் அவர் இங்கே செய்ய முயன்றார்.

நான் வேலைக்குச் சீக்கிரம் வந்த நாள்களில் அவர் செய்வதைப் பார்த்து நின்றிருக்கிறேன். பொங்கிய மாவை நீளத் தடியாக உருட்டுவார். ‘பஸ்தோன்’ என்று அதற்குப் பெயர், கைத்தடி என்று அர்த்தம். அதைப் பாண்தூளில் புரட்டி, தகட்டுக் கத்தியால் சீராக வெட்டி, வெட்டிய முகம் மேலே தெரியும்படி தட்டில் அடுக்குவார். அந்தத் தூள் வேறெதுவுமில்லை, முந்தைய நாள் விற்காமல் காயவைத்து அரைத்த பாண்தான். பிறகு தட்டு மீண்டும் பொங்குவதற்காகக் காத்திருக்கும். போறணையிலிருந்து வெளியே வரும்போது மேற்புறம் மணல் பூசியதுபோல் பொன்னிறமாக இருக்கும். பிய்த்தால் உள்ளே பஞ்சு.

பாண்டெசாலைப் பற்றிக் கொப்பியில் நிரம்பியிருந்த முறைப்பாடுகளில் முதன்மையானது அதன் அளவு. ‘சிறுத்துப் போய்விட்டது’ என்பதைப் பத்து விதமாக எழுதியிருக்கிறேன். பிலிப்பைன்ஸிலும் மா விலை ஏறும்போதெல்லாம் பாண்டெசால் சிறுப்பது வழக்கம் என்பதால், அங்கிருந்து வந்தவர்களுக்கு அளவைக் கண்ணாலேயே நிறுக்கத் தெரியும். ஒரு குளிர்காலத்தில் இந்த முறைப்பாடு அடிக்கடி வரவே, முதலாளி தராசில் வைத்துப் பார்த்தார். எடை மாறவில்லை. குளிரில் மா முழுதாகப் பொங்கும் முன்னரே தட்டைப் போறணைக்குள் தள்ளியிருந்தார். அதனால் எடை இருந்தும் உருவம் இல்லை. அன்றிலிருந்து அரை மணி நேரம் முன்னதாக வேலையைத் தொடங்கினார். ‘சிறுத்துப் போய்விட்டது’ என்ற சொல்லை நான் ‘விலை கூடவாம்’ என்று விளங்கிக்கொண்டு எழுதியிருந்தால், அவர் விலையைக் குறைத்துவிட்டு அதே பாணை விற்றிருப்பார்.

பையைப் பற்றிய தகராறும் ஓயாமல் வந்தது. பாண்டெசாலைப் பழுப்புக் கடதாசிப் பையில்தான் கொடுக்க வேண்டும், அந்தப் பையில் எண்ணெய் படிந்த இடத்தை மோந்து பார்த்தால்தான் காலை என்ற உணர்வே வரும் என்பார்கள் ஒரு சாரார். கனடாவின் வறண்ட குளிரில் கடதாசிப் பைக்குள் இருந்த பாண் வீடு போவதற்குள் விறைத்துவிடுகிறது, பொலித்தீன் பையே வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். சூடான பாணைப் பொலித்தீனில் கட்டினால் வியர்த்து, மேலே இருக்கும் தூள் ஈரமாகிவிடும். இதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை கிடைக்கவில்லை. எத்தனை நிமிடத்தில் வீடு போவீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ற பையை எடுப்பதே என் வழக்கமாயிற்று.

ஒரு முதிய பெண்மணி, ஊரில் பாடசாலை நடத்தியவர்போலக் கண்டிப்பாகப் பேசுபவர், ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்துப் பாண்டெசால் வாங்கிவிட்டு ‘சா ஆமின்’ என்று தொடங்குவார். எங்கள் ஊரில் என்று பொருள். எங்கள் ஊரில் விறகு எரியும் புகோன் அடுப்பில் சுடுவார்கள், எங்கள் ஊரில் அடிப்பக்கம் இதைவிடக் கருகியிருக்கும், எங்கள் ஊரில் மணம் தெருமுனைக்கே வரும். மின்சாரப் போறணையில் விறகின் மணத்தைக் கொண்டுவர முடியாதென்றாலும், முதலாளி அடிச்சூட்டைச் சற்றுக் கூட்டிப் பார்த்தார். சில சனிக்கிழமைகள் கழித்து அந்த அம்மையார் ஒரு பாணைத் திருப்பி அடியைப் பார்த்துவிட்டு, ‘பாண்டெசால் நாதின்’ என்றார். எனக்கு அது உடனே விளங்கவில்லை. அவர்கள் பேசும் தகாலொக் மொழியில் ‘ஆமின்’ கேட்பவரைச் சேர்க்காத ‘எங்கள்’. ‘ஆதின்’, ‘நாதின்’ இரண்டும் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நம்’. தமிழில் நாங்கள், நாம் என்ற வேறுபாடு எப்படியோ அப்படியே அங்கேயும். முதலாளியின் மனைவி கொப்பியில் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார்.

இனிப்பு வகைகளைப் பொறுத்தவரை, ‘அவ்வளவாக இனிக்கவில்லை’ என்பதே அங்கு கிடைத்த மிகப்பெரிய பாராட்டு. சீன, கொரிய, தமிழ் வாடிக்கையாளர்களும் அதையே சொன்னார்கள் என்பதால், ஆசியக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அளவுகோலோ என்று நினைத்திருக்கிறேன். என்சாய்மாதா என்ற சுருள் பணிஸ்தான் இதில் அதிகம் அடிபட்டது. வெண்ணெய் பூசி, சீனி தூவி, அதன்மேல் துருவிய சீஸை அள்ளிப் போடுவார்கள். புதிதாக வந்தவர்கள் சீனியும் சீஸும் எப்படி ஒன்றாகச் சேரும் என்று முகம் சுழிப்பார்கள்; ஒரு துண்டு கொடுத்தால் பெரும்பாலோர் ஒரு பெட்டி வாங்குவார்கள். பழைய வாடிக்கையாளர்களின் கவலை வேறு: சீஸ் போதாது என்பார்கள். செப்டெம்பர் பிறந்தாலே நத்தார் காலம் தொடங்கிவிட்டதாகக் கொள்ளும் மக்கள் அவர்கள். அப்போதே சிவப்பு மெழுகு பூசிய உருண்டைச் சீஸைத் துருவிப் போட்ட என்சாய்மாதா எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கி, டிசெம்பர் 16 முதல் 24 வரை நடக்கும் விடியற்காலைப் பூசைகள் முடிந்து வரும்போது வரிசையில் நிற்பார்கள்.

ஊபே என்ற ஊதாக் கிழங்கு சேர்த்த பாண்டெசால் 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் பிலிப்பைன்ஸில் பரபரப்பாகி, அங்கிருந்து எங்கள் அலுமாரிக்கும் வந்தது. ஊதா நிறப் பாணுக்குள் சீஸ் வைத்திருப்பார்கள். இளையவர்கள் நிறம் போதாது என்றார்கள்; கைப்பேசியில் பார்த்த பளிச்சென்ற ஊதாவைக் காட்டினார்கள். கிழங்கை அவித்து மசித்துச் சேர்த்தால் அந்த நிறம் வராது, சாயம் கலந்த வாசனைச் சாறு ஊற்றினால்தான் வரும். முதியவர்கள் மறுபக்கம் நின்று, இவ்வளவு நிறம் எதற்கு, கிழங்கின் மணம் எங்கே என்றார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதிய நாளில்தான் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் வந்தார். ஓய்வு பெற்றவர், பேருந்து தாமதமானதால் உள்ளே ஒதுங்கியவர். பாணைப் பிட்டுப் பார்த்து, மோந்து, “பிள்ளை, இது எங்கட ராசவள்ளியெல்லோ?” என்றார். அவர் சொன்னது சரி. இரண்டும் ஒரே இனக் கிழங்குதான். எங்கள் வீடுகளில் அதைத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சுவோம். அவர்கள் பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கிளறி ஹலாயா செய்கிறார்கள். கிழங்கு இன்னும் கொஞ்சம் கூடப் போடலாம் என்பதே அவருடைய தீர்ப்பு. நான் அதை முதியவர்களின் பக்கத்தில் சேர்த்தேன். முதலாளி சாற்றைப் பாதியாக்கிக் கிழங்கைக் கூட்டினார். இளையவர்களில் சிலர் பிறகு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். ஹொப்பியா என்பது சீனாவின் பூக்கியன் பகுதியிலிருந்து குடியேறியவர்கள் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்த பணியாரம். மெல்லிய அடுக்கு மாவுக்குள் இனிப்புப் பயறு வைத்துச் சுட்டது. எங்கள் பயற்றம் பணியாரத்தோடு வளர்ந்தவர்களுக்கு அதன் சுவை உடனே பிடித்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை, நெற்றியில் திருநீறு பூசிய ஓர் அம்மா வந்து, “தங்கச்சி, இது சைவமோ?” என்று கேட்டார். பயறுதானே, சைவம்தான் அம்மா என்று நான் தயங்காமல் சொன்னேன். பன்றியிறைச்சிக் கொழுப்பும் நீற்றுப்பூசணியும் சேர்த்த ஹொப்பியா வேறொரு தட்டில் இருந்தது. அது கூடாது என்பது மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அடுக்கு மாவு அப்படி உதிர்வதற்குக் காரணமே பன்றிக்கொழுப்பு என்பதும், பயறு வைத்ததிலும் அதே மாவுதான் என்பதும் எனக்குத் தெரியாது. நான் கேட்டறியவும் இல்லை. அடுத்த வாரம் அவர் யாரிடமோ விசாரித்து அறிந்து திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. “நீர் எங்கட பிள்ளையெண்டுதான் உம்மை நம்பினனான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வசனத்தையும் கொப்பியில் எழுதினேன், என் பெயரோடு. எழுதக் கை கூசியது. முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு பண்டத்திலும் என்ன கொழுப்பு, முட்டை உண்டா, பால் உண்டா என்பதை எனக்குச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். என்சாய்மாதா என்ற பெயருக்குள்ளேயே பன்றிக்கொழுப்பைக் குறிக்கும் மயோர்க்காத் தீவின் சொல் இருக்கிறது என்பதையும், அவர் அதற்கு வெண்ணெய் மட்டுமே போடுகிறார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். பயறு ஹொப்பியாவின் மாவைத் தாவரக் கொழுப்புக்கு மாற்ற அவர் பல நாள்கள் முயன்றார். அடுக்கு பழையபடி உதிரவில்லை, பழைய வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், அவர் மறுபடி பழைய முறைக்கே போனார். அவருடைய முடிவில் எனக்குக் குறையில்லை. அது அவர்களுடைய பண்டம். அதில் இருப்பதை மறைக்காமல் சொல்வதுதான் என் கடமையாக இருந்தது. இரண்டு தட்டுகளுக்கும் முன்னால் ‘பன்றிக்கொழுப்பு உண்டு’ என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி வைத்தோம்.

பல மாதங்கள் கழித்து அந்த அம்மா மீண்டும் வந்தார். எழுதி வைத்திருந்ததை வாசித்தார். பிறகு தேங்காய்ப்பூவும் சீனியும் வைத்த பான் டி கோக்கோவைக் காட்டி, அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு விடை தெரிந்திருந்தும் நானாகச் சொல்லாமல் முதலாளியைக் கூப்பிட்டேன். அவர் முழங்கைவரை மாவோடு வந்து, உள்ளே எந்தக் கொழுப்பும் இல்லை, ஆனால் மேலே முட்டை பூசியிருக்கிறேன், ஆகவே உங்களுக்கு ஆகாது என்றார். பாண்டெசாலில் தாவர எண்ணெயும் பால்மாவும் மட்டுமே, முட்டை இல்லை என்றார். நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மா நாலு பாண்டெசால் வாங்கிக்கொண்டார். பெயருக்கு என்ன அர்த்தம் என்றும் கேட்டறிந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கதவைத் திறந்ததும் அவர்தான் முதலில் வந்தார். “உப்புப் பாண் எண்டு பேரை வைச்சுப்போட்டு ஏன் பிள்ளை இப்பிடி இனிக்குது? அவரிட்டைச் சொல்லும், சீனி கொஞ்சம் குறைக்கட்டாம்” என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன்.