“எல்லாமே கால்சியம் பிளாக்கர்தான், மேடம்”

என் மருந்தின் பெயர் வெரபமில், இதயத் துடிப்பை அடக்கும் ஒரு கால்சியம் சேனல் பிளாக்கர். போன எட்டு மாதத்தில் மூன்று இடங்களில் அதைக் ‘கால்சியம் மாத்திரை’ என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். முதல் தடவை வெளிநோயாளிச் சீட்டில் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அடுத்த தடவை வரவில்லை, ஏனென்றால் அதற்குள் அந்தத் தவறினால் ஒரு நாள் முழுக்கத் தலை சுற்றிக் கிடந்திருந்தேன்.

எனக்கு இருப்பது எஸ்விடி, இதயம் திடீரென்று மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு. கூடவே சின்ன வயதிலிருந்து வீசிங். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு இருந்தால் மருந்து கொடுப்பவருக்குக் கை கொஞ்சம் கட்டிப்போய்விடும். இது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஆரம்பத்தில் ஒரு வருஷம் வீணாகப் போனது. திடீரென்று சுவிட்ச் போட்டது மாதிரி படபடப்பு தொடங்கும், அதே மாதிரி சட்டென்று நிற்கும். இடையில் பத்து நிமிடமும் இருக்கும், ஒரு மணி நேரமும் இருக்கும். நான் அடித்துப் பிடித்து இசிஜி எடுக்கப் போய்ச் சேர்வதற்குள் நின்றிருக்கும். “எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க” என்ற வரியை நான்கு பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஹோல்டர் என்று துடிப்பைப் பதிந்துகொண்டே இருக்கும் கருவியை மாட்டி 24 மணி நேரம் அலைந்தேன், அது பாட்டுக்குச் சமர்த்தாக இருந்தது. கழற்றிக் கொடுத்த மறுநாள் காலை வந்தது. இப்படி மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ‘படபடப்பு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது, நாடி நிமிடத்துக்கு எத்தனை என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘சட்டென்று தொடங்கி, சட்டென்று நின்றது’ என்ற ஒரு வரியைப் பார்த்துத்தான் ஐந்தாவது டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார்.

அதற்கு முன்னால் ஒருவர் டென்ஷனுக்கு என்று இரண்டு மாத்திரை எழுதியிருந்தார். ஒன்று ப்ராப்ரனலால், இன்னொன்று அல்ப்ரசோலம். ப்ராப்ரனலால் ஒரு பீட்டா பிளாக்கர், துடிப்பைக் குறைக்கும் வகை, வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படபடப்புக்கும் மூச்சுக்குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். ஐந்தே மாத்திரையில் இன்ஹேலரும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன், அதோடு நிறுத்தினேன். மீதி மாத்திரைகள் டிராயரிலேயே கிடந்தன. சீட்டும் அங்கேயே.

அந்தச் சீட்டுதான் மூன்று வாரம் கழித்து என் உயிரை வாங்கியது.

இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய படபடப்பு ஒன்பதரைக்கும் நிற்கவில்லை. அவசரப் பிரிவில் படுக்க வைத்து வயர்களை ஒட்டினார்கள். திரையில் 188. ஒரு வருஷமாகப் பிடிபடாத ஆசாமி கடைசியில் காகிதத்தில் அகப்பட்டான். பயத்துக்கு நடுவிலும் ‘இப்போ சொல்லுங்க பார்க்கலாம், டென்ஷன்னு’ என்று மனதுக்குள் ஓடியது உண்மை.

முதலில் ஒரு 10 மில்லி சிரிஞ்சைக் கையில் கொடுத்து, பிஸ்டன் அசையும் அளவுக்கு 15 விநாடி முக்கி ஊதச் சொன்னார்கள். ஊதி முடித்ததும் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். பலருக்கு இதிலேயே நின்றுவிடுமாம். எனக்கு இரண்டு முறை செய்தும் நிற்கவில்லை. அடுத்து வழக்கமாகப் போடுவது அடினோசின் ஊசி. ஆனால் அது மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும் என்பதால், வீசிங் என்றதும் டாக்டர் அதை ஓரம் வைத்துவிட்டார். “வெரபமில் போட்டுடலாம்” என்றவர், சிஸ்டர் மருந்தை எடுக்கப் போகும்போதே நிறுத்திக் கேட்டார்: “பீட்டா பிளாக்கர் ஏதாவது சாப்பிடறீங்களா?”

நிறுத்தியாச்சு என்றேன். எப்போது? மூன்று வாரம் முன்னால். இன்றைக்கு வேறு மாத்திரை ஏதாவது? அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் லேசாகப் படபடத்தபோது அந்த டிராயரிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துப் போட்டிருந்தேன். இரண்டில் எது? வெள்ளையாக, சின்னதாக. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பீட்டா பிளாக்கர் உடம்பில் இருக்கும்போது வெரபமிலை ரத்தக் குழாயில் ஏற்றினால் இரண்டுமாகச் சேர்ந்து இதயத்தை அமுக்கிவிடும். துடிப்பு மிகவும் குறையலாம், பிபி சரியலாம், நின்றேகூடப் போகலாம். தம்பிக்கு ஃபோன் போட்டேன். “எந்த டிராயர்க்கா?” என்று அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. எந்த டிராயர் என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் நிதானமாகத்தான் இருந்தார். பிபி 118க்கு 76 இருந்ததால் காத்திருக்கலாம், அது சரிந்தால் காத்திருக்க மாட்டோம், மயக்கம் கொடுத்து ஷாக் வைத்துவிடுவோம் என்றார். சரி என்று தலையாட்டினேன். சட்டைப் பொத்தானே துள்ளிக்கொண்டிருந்தது.

இருபத்தைந்து நிமிடம் கழித்துத் தம்பியிடமிருந்து படம் வந்தது. ஒரு அட்டையில் ஐந்து குழி காலி. அது ப்ராப்ரனலால், பழைய கணக்கு சரியாக இருந்தது. இன்னொன்று கத்தரித்துக் கொடுத்த துண்டு அட்டை, பெயர் இருந்த பக்கத்தைக் காணோம். ஓரத்தில் பாதி எழுத்து. அதையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பியிருந்தான். காலையில் போட்டது அல்ப்ரசோலம். டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார்.

5 மில்லிகிராம். இரண்டு நிமிடத்துக்கும் மேலாக, பொறுமையாக ஏற்றினார்கள். சிஸ்டர் கண் சிரிஞ்சில் இல்லை, திரையில் இருந்தது. 188, 186, 180. கொஞ்ச நேரம் ஒன்றுமே மாறவில்லை. அப்புறம் கோடு ஒரு நொடி நேராக ஓடியது, என் தொண்டைக்குள் ஏதோ புரண்டது, ஒற்றைத் துடிப்பு, மறுபடி ஒன்று. 92. யாரோ மார்பின் மேலிருந்து எழுந்து போனது மாதிரி இருந்தது. பிபி 96க்கு இறங்கியதால் அரை மணி நேரம் எழ விடவில்லை.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் வழியில் ஏவி நோட் என்று ஒரு முடிச்சு இருக்கிறது. எனக்கு அதற்குள் இரண்டு தடம், அதில் துடிப்பு செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. அந்த முடிச்சின் செல்கள் கால்சியம் உள்ளே நுழைவதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தினால் மாடு நின்றுவிடும். சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அத்தை இன்றுவரை “எலும்பு தேய்ஞ்சிடாதா?” என்று கேட்கிறார், அது வேறு கதை.

அப்புறம் மாத்திரை. எக்கோ, அதாவது இதய ஸ்கேன் பார்த்தார்கள், இதயம் பம்ப் செய்வது நன்றாக இருந்தது. பம்ப் பலவீனமாக இருப்பவர்களுக்கு இந்த மருந்து கூடாது. பழைய இசிஜி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். வீண் என்று நினைத்து வைத்திருந்த அத்தனை நார்மல் இசிஜியும் அன்று வேலைக்கு ஆயின. கூடுதல் மின்பாதை இருந்தால் அதன் தடயம் படபடப்பு இல்லாத நேரத்து இசிஜியில்தான் தெரியும். அப்படிப் பாதை இருப்பவருக்கு மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நோயும் வந்துவிட்டால் வெரபமில் ஆபத்தாகிவிடும். எனக்கு இல்லை. முதலில் 40 மில்லிகிராம் மூன்று வேளை, பிறகு மெதுவாகக் கரையும் 240 ஒரு வேளை. மலச்சிக்கல் படுத்தியது. நிறையத் தண்ணீரும் நார்ச்சத்தும் என்று சமாளித்தேன். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது, நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே அடியாக இறங்கிவிடும்.

இரண்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது மாதம் மருந்துக் கடையில் ஸ்டாக் இல்லை. கவுன்டரில் இருந்த பையன் உள்ளே போய் ஒரு அட்டையோடு வந்தான். “இது அம்லோடிபின். எல்லாமே கால்சியம் பிளாக்கர்தான், மேடம். இதுதான் நிறைய போகுது.” நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். குடும்பப் பெயர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் படபடப்பு திரும்பி வந்தது. சிரிஞ்ச் வித்தையை வீட்டிலேயே செய்தேன், தம்பி காலைத் தூக்கிப் பிடித்தான். இந்த முறை நின்றுவிட்டது! அந்த மாதத்தில் நடந்த ஒரே நல்ல காரியம் அது. மறுநாள் டாக்டரிடம் அட்டையைக் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததிலேயே விஷயம் புரிந்துவிட்டது. அம்லோடிபின், நிஃபெடிபின் எல்லாம் ரத்தக் குழாயைத் தளர்த்தி பிபியைக் குறைப்பவை. ஏவி நோட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. துடிப்பை அடக்குவது வெரபமிலும் டில்டியாசெமும்தான். ஐந்து நாளும் நான் மருந்தே இல்லாமல்தான் இருந்திருக்கிறேன், அதுவும் தெரியாமல்.

அடுத்த மாதம் நெஞ்சுச் சளி, காய்ச்சல். பக்கத்து கிளினிக்கில் என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று உதவியாளர் கேட்டார். “கால்சியம் சேனல் பிளாக்கர்” என்றேன், படித்தவள் மாதிரி. அவர் எழுதியது: கால்சியம். அதைப் பார்த்த டாக்டர் கிளாரித்ரோமைசின் கொடுத்தார். இந்த ஆன்டிபயாட்டிக், கல்லீரல் வெரபமிலைச் சிதைப்பதைத் தடுத்துவிடும், ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். இரண்டாம் நாள் கட்டிலிலிருந்து எழுந்தபோது சுவர் சாய்ந்தது. நாடி 46. காய்ச்சலில் 46 என்பது எனக்கே விநோதமாகப் பட்டது. இதய டாக்டரின் அவசர எண்ணில் கேட்டேன். உடனே வரச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார்கள். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின், மூட்டுவலிக்கு கோல்சிசின், இதயத்துக்கு டிஜாக்சின் எடுப்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும், அவற்றின் அளவும் ஏறும் என்றார்கள். கிரேப் ஃப்ரூட் சாறும் வேண்டாம், அது வெரபமிலின் அளவை ஏற்றும் என்றார்கள்.

அந்த உதவியாளர் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் மருந்தின் பெயரைச் சொல்லாமல் வகையைச் சொன்னது நான்தானே. இப்போது பர்ஸில் ஒரு மடித்த காகிதம்: வெரபமில் 240, மெதுவாகக் கரைவது, காலை ஒன்று, வீசிங் உண்டு, பீட்டா பிளாக்கர் கூடாது. கூடவே அட்டையின் பெயர் உள்ள பக்கம், செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கடையில் அட்டையைக் கத்தரிக்கப் போனால் பெயர் இருக்கும் பாதியைக் கொடுங்கள் என்று சண்டை போடுகிறேன்.

மாத்திரையோடு காலம் தள்ளுவதா, அந்த ஒரு தடத்தைச் சுட்டுவிடுவதா என்று பேசி, அப்லேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஐந்து நாள் முன்பே வெரபமிலை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் பதிவு செய்யப் போனேன். கவுன்டரில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். எட்டித் திரையைப் பார்த்தேன். ‘தற்போதைய மருந்து: கால்சியம்.’

“சார், அது கால்சியம் இல்ல.”

“பிளாக்கர்னு போட்டிருக்கே மேடம், ரெண்டும் ஒண்ணுதானே?”

ஒட்டி வைத்திருந்த அட்டையை எடுத்து அவருடைய கீபோர்டு மேலேயே வைத்தேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். நடுவில் ஒரு முறை நிமிர்ந்து, “பி-யா, வி-யா?” என்றார்.

“வி,” என்றேன்.