அம்மாவுக்கு இரண்டாவது கட்டி: பரவியதா, புதிதா?

ஒருமுறை புற்றுநோய் வந்து குணமானவருக்கு வேறொரு இடத்தில் கட்டி என்றால், வீட்டில் மட்டுமல்ல, ஆஸ்பத்திரியிலும் முதலில் எழுகிற பேச்சு 'பழசுதான் பரவிடுச்சு' என்பதுதான். பல பேருக்கு அது உண்மையாகவும் இருக்கும். எங்கள் அம்மா விஷயத்தில் இல்லை. அதை உறுதி செய்துகொள்ள பெங்களூரில் நாங்கள் அலைந்த அலைச்சலை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 46 வயதில் இடது மார்பில் புற்று வந்தது. ட்ரிபிள் நெகட்டிவ் வகை, அதாவது ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படாதது. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எட்டு வருடம் நன்றாக இருந்தார். அப்புறம் வயிறு உப்ப ஆரம்பித்தது. அல்சூரில் எங்கள் தெரு டாக்டர் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார். "கொசுவம் செருக முடியலடி" என்று அம்மா சொன்ன பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். இரண்டு சினைப்பையிலும் கட்டி, வயிற்றில் நீர். சினைப்பைப் புற்றில் பெரும்பாலும் கூடுகிற சிஏ-125 என்ற ரத்தப் புரதம் எகிறிக் கிடந்தது.

முதலில் போன ஆஸ்பத்திரியில் வயிற்று நீரை எடுத்துச் சோதித்து 'அடினோகார்சினோமா' என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். சுரப்பித் திசுவில் பிறந்த புற்று என்பதைத் தாண்டி அந்தச் சொல் எதுவும் சொல்லாது. மார்பகத்துக்கும் பொருந்தும், சினைப்பைக்கும் பொருந்தும். ஆனால் அதை வைத்தே மார்பகப் புற்று, நான்காம் நிலை, ஆபரேஷனுக்கு இடமில்லை என்று ஃபைலில் எழுதிவிட்டார்கள். எழுதியதைப் படித்துக் காட்டக்கூட யாருக்கும் நேரமில்லை.

மாமாதான் விடவில்லை. "இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறம் கீமோவைப் பார்ப்போம்" என்றார். அப்படிப் போய்ச் சேர்ந்த டாக்டரம்மா எல்லா ரிப்போர்ட்டையும் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பழைய பிளாக் எங்கே?" ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து வைப்பதைத்தான் பிளாக் என்கிறார்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு தனித்தனிப் புற்று என்று சொல்ல, வாரன், கேட்ஸ் என்ற இருவர் 1932இல் வகுத்த மூன்று நிபந்தனைகளை அவர்தான் விளக்கினார். இரண்டுமே புற்றாக இருக்க வேண்டும், ஒன்றிலிருந்து ஒன்று தனித்துத் தெரிய வேண்டும், ஒன்று மற்றொன்றின் பரவலாக இருக்கக் கூடாது. முதல் இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் கழுத்தறுப்பு. ஸ்கேனில் அது தெரியாது. பெட் ஸ்கேன் எடுத்தாலும் எங்கெங்கே ஒளிர்கிறது என்றுதான் காட்டும். ஊர் பேர் சொல்லாது. புதுக் கட்டியிலிருந்து சதை எடுக்க வேண்டும், பழைய சதையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பழைய சதையைத் தேடிப் போனதுதான் பெரிய கதை. எட்டு வருடத்துக்கு முன் ஆபரேஷன் செய்த இடத்தில், முதலில் கண்ணாடி ஸ்லைடுகளை மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். அவை ஏற்கெனவே சாயம் ஏற்றியவை. புதுச் சோதனைக்கு உதவாது. மெழுகு பிளாக் வேண்டும், அல்லது அதிலிருந்து புதிதாகச் சீவிய, சாயம் ஏற்றாத ஸ்லைடுகள் வேண்டும். டாக்டரின் கடிதம், அம்மாவின் கையெழுத்து, ஆதார் நகல், டெபாசிட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எல்லாவற்றையும் முதல் நாளே ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? கடைசியில் கையில் வந்தது, கட்டைவிரல் அகலப் பிளாஸ்டிக் டப்பாவில் உறைந்த மெழுகு. நடுவில் பழுப்பாக ஒரு துணுக்கு, ஓரத்தில் மங்கிய பென்சில் எண். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகும் என்றார் லேப் பையன். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

புதிதாக, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு மடிப்பிலிருந்து ஊசி பயாப்ஸி எடுத்தார்கள். இரண்டு சதைக்கும் இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி செய்தார்கள். செல்லில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று சாயம் ஏற்றிப் பார்க்கிற சோதனை அது. பழைய மார்பகச் சதையில் காட்டா3 இருந்தது, பாக்ஸ்8 இல்லை. வயிற்றுச் சதையில் நேர் எதிர்: பாக்ஸ்8, டபிள்யூடி1 இரண்டும் பாசிட்டிவ், காட்டா3 இல்லை. சினைப்பையிலும் சினைக்குழாயிலும் வருகிற ஹை கிரேட் சீரஸ் என்ற, வேகமாக வளரும் வகைப் புற்றின் அடையாளம் இது. அம்மாவுக்கு வந்தது இரண்டாவது புற்று; பழையது பரவவில்லை.

இரண்டாவது புற்று என்றதும் "இது நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று அம்மா கேட்டார். டாக்டரம்மா மழுப்பாமல் சொன்னார்: சின்ன நோய் இல்லை, ஆனால் வழி மாறுகிறது. மார்பகப் புற்று பரவியிருந்தால் கீமோவை வைத்துக் கட்டுக்குள் வைப்பதுதான் குறி. சினைப்பைப் புற்றுக்கு அப்படி இல்லை. கார்போபிளாட்டின், பாக்ளிடாக்ஸல் என்ற கீமோ மருந்துகள் மூன்று சுற்று, கண்ணுக்குத் தெரிகிற நோயையெல்லாம் எடுக்கும் பெரிய ஆபரேஷன், பிறகு மீண்டும் மூன்று சுற்று. அம்மாவுக்கும் அப்படியே நடந்தது.

முதல் புற்றுக்கும் இரண்டாவதுக்கும் ஆறு மாதத்துக்குள் இடைவெளி என்றால் ஒரே காலத்தவை, அதற்கு மேல் என்றால் பின்னால் வந்தவை என்று பொதுவாகப் பிரிக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு முக்கியமானது வேறு கேள்வி. மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் ஒரே பெண்ணுக்கு வந்தால், கோளாறானால் இந்த இரண்டு புற்றுக்கும் வாய்ப்பைக் கூட்டுகிற பிஆர்சிஏ மரபணுவைப் பார்த்தே ஆக வேண்டும். ரத்தம் கொடுத்தோம். 17ஆவது குரோமோசோமில் இருக்கும் பிஆர்சிஏ1இல் கோளாறு. அதனால் கீமோ முடிந்ததும், இந்தக் கோளாறு உள்ள புற்றுக்குக் கொடுக்கிற ஓலாபரிப் மாத்திரையும் சேர்ந்தது. இந்தச் சோதனையை எட்டு வருடம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். அங்கே பெரியம்மா ஒருத்தர் 'வயித்துல கட்டி' வந்து இறந்ததை வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். என்ன கட்டி என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. இப்போது தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் சித்திக்கு, எனக்கு, அண்ணனுக்கு, மாமாவுக்கு, எல்லோருக்கும் சோதனை. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "ஆம்பளைக்கு எதுக்கு?" என்றான் அண்ணன். அப்பா வழியாகவும் மகளுக்குப் போகும் என்று மரபணு ஆலோசகர் சொன்னதும், தன் இரண்டு பெண்களை நினைத்து அன்றைக்கே ரத்தம் கொடுத்தான். வீட்டில் ஒருவருக்குக் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்; செலவும் குறையும். அம்மாவின் ரிப்போர்ட் நகலை எல்லோர் கையிலும் கொடுத்திருக்கிறோம். சித்திக்கு நெகட்டிவ் வந்தது, அதனால் அவர் பெண்களுக்குச் சோதனை தேவைப்படவில்லை. மாமா ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.