டெல்லிக் குளிர், ரூம் ஹீட்டர், சுவரில் இருக்கும் சாக்கெட்

டிசம்பர் பாதி தாண்டினால் போதும், ஊரிலிருந்து புதிதாக டெல்லிக்கு வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, எந்த ஹீட்டர் வாங்கலாம்?" ஓல்ட் ராஜிந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் ஐஏஎஸ் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்கள், முதல் வேலைக்கு வந்தவர்கள். நான் பதிலுக்கு, உங்கள் அறையில் எத்தனை ஆம்பியர் சாக்கெட் இருக்கிறது என்று கேட்பேன். பெரும்பாலும் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் பதிவு அதற்காகத்தான்.

டெல்லி வீடுகள் கோடையை மனதில் வைத்துக் கட்டியவை. மார்பிள் தரை, காற்று புகும் ஜன்னல், வெயிலே எட்டிப் பார்க்காத பின்கட்டு அறைகள். ஜனவரியில் ராத்திரி நாலைந்து டிகிரிக்கு இறங்கும்போது அறைக்குள்ளேயே விரல் விறைத்துப் பேனா பிடிக்க முடியாது. ஆகவே ஹீட்டர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், தாராளமாக வாங்குங்கள்.

ஹீட்டர் என்றதும் எல்லோரும் சொல்லும் பயம், அது அறையில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது. மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, கம்பி சூடாகிறது, அவ்வளவுதான். காற்று சூடாகும்போது ஈரப்பதம் குறைவதால் உதடு வெடிக்கும், தொண்டை காயும், அதற்குத் தண்ணீர்க் கிண்ணம் கொஞ்சம் உதவும். வைப்பதானால் கால் தட்டிக் கவிழ்ந்தாலும் ஹீட்டருக்கோ பிளக்குக்கோ தண்ணீர் போகாத மூலையில் வையுங்கள்.

ஆனால் கரி அடுப்பு வேறு விஷயம். இங்கே அதை அங்கீட்டி என்பார்கள், வாட்ச்மேன்களும் டீக்கடைக்காரர்களும் தெருவில் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி இல்லாமல் வட இந்தியாவில் ஒரு குளிர்காலமும் போவதில்லை. புகை அடங்கிக் கரி செக்கச்செவேலென்று கனன்றதும் இனி ஆபத்தில்லை என்று நினைத்து உள்ளே எடுத்து வருகிறார்கள். அந்தக் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் ஒட்டிக்கொள்ளும், அதுவும் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக. முதலில் தலைவலி, குமட்டல், மயக்கம். தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. தண்ணீர்க் கிண்ணம் இதை உறிஞ்சாது. எவ்வளவு குளிராக இருந்தாலும் தூங்கும் அறைக்குள் கரி வேண்டாம், தயவுசெய்து.

சரி, சாக்கெட்டுக்கு வருவோம். சூடான காற்றை ஊதும் ப்ளோயரோ, எண்ணெய் நிரப்பிய ஆயில் ஹீட்டரோ முழு வேகத்தில் 2000 வாட்ஸ் இழுக்கும், 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். சார்ஜரும் டேபிள் லைட்டும் செருகுகிற சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. ஹீட்டரின் தடித்த 16 ஆம்பியர் பிளக் அதில் நுழையாது, அந்தத் தடையே ஒரு பாதுகாப்புதான். அதைத் தாண்டத்தான் ஹார்டுவேர் கடையில் 16 ஆம்பியரை 6 ஆம்பியராக மாற்றும் கன்வெர்ட்டர் பிளக் கிடைக்கிறது. ஹீட்டருக்கு அதை வாங்கவே வாங்காதீர்கள். நாலு பேர் மொபைல் சார்ஜ் போடும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கூடாது, அதன் வயர் மெல்லியது, சூடாகிவிடும், சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேறவும் வழியிருக்காது.

எம்சிபி (கரண்ட் மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே, ஏதாவது ஆனால் விழுந்துவிடாதா என்று கேட்பார்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எம்சிபி அளவுக்கு மீறிக் கரண்ட் போனால்தான் விழும். சாக்கெட்டுக்குள் பிடிப்பு தளர்ந்திருந்தால் போகிற கரண்ட் சரியான அளவில்தான் இருக்கும், ஆனால் அந்தத் தளர்ந்த இடம் மட்டும் மணிக்கணக்கில் சூடேறிப் பிளாஸ்டிக்கை உருக்கும், எம்சிபிக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஹீட்டர் போட்டுக் கால் மணி நேரம் கழித்து சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த சாக்கெட் வேண்டாம். பழுப்பேறியிருந்தாலும், பிளக் தொளதொளவென்று ஆடினாலும், கிர்ரென்று சத்தம் வந்தாலும் அப்படித்தான். சீசனில் முதல் தடவை போடும்போது தூசி கருகும் வாசனை வரும், சில நிமிடத்தில் போய்விடும். பிளாஸ்டிக் கருகும் வாசனை போகாது. அது வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

அறையில் 6 ஆம்பியர் சாக்கெட் மட்டும்தான் என்றால், இரண்டு ராட் வைத்த 800 வாட்ஸ் ஹீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது 3.5 ஆம்பியர்தான். ஐஎஸ்ஐ முத்திரை, மூன்று பின் பிளக், சாய்ந்தால் தானாக அணைகிற வசதி, மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ராட் ஹீட்டரில் ஒரு சங்கடம், கம்பி செந்தணலாக வெளியே தெரியும். ரஜாய் (பஞ்சு வைத்த போர்வை), திரைச்சீலை, அடுக்கி வைத்த நோட்ஸ் எல்லாம் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பத்துக்கு எட்டு அறையில் அது கஷ்டம் என்று தெரியும், புத்தகங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளியாவது அந்த இடத்தை உண்டாக்குங்கள். ஈர சாக்ஸை மேலே காயப் போடுவது, குளியலறைக்குள் கொண்டுபோவது, இரண்டும் கூடவே கூடாது.

படுக்கப் போகும் முன் அரை மணி நேரம் போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரஜாய்க்குள் போய்விடுங்கள். ஆயில் ஹீட்டர் சூடாக நேரமெடுக்கும், ஆனால் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பு தரும், பட்ஜெட் இருந்தால் அதுதான் என் சிபாரிசு.

2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில் 19 மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டுப் படுக்கையறையில் இருந்த ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. தீ பெரிதாகப் பரவவில்லை, புகைதான் பரவியது. அந்த வீட்டின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் திறந்தே கிடந்ததால் புகை மாடிப்படி வழியே மேலே ஏறி 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். நாம் வாடகைக்குத் தங்கும் பிஜி விடுதிகளில் ஐந்து மாடிக்கும் ஒரே குறுகலான படிக்கட்டு. தீ என்றால் முடிந்தால் மெயினை அணையுங்கள், கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெளியே வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், பக்கத்து அறைகளைத் தட்டுங்கள், 101 அல்லது 112க்கு அழையுங்கள்.

கடைசியாக ஒன்று. அறையில் ஏசி பாயிண்ட் இருந்தால் குளிர்காலம் முழுக்க அது சும்மாதான் கிடக்கும். கனமான சாக்கெட், பெரும்பாலும் தனி எம்சிபி. உயரத்தில் இருப்பதால் ஹீட்டர் வயர் எட்டாது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டுக் கீழே ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் செலவைச் சொல்லித் தயங்கினால் பாதியை நீங்கள் தருவதாகச் சொல்லிப் பாருங்கள், உங்கள் அறைக்கான சப் மீட்டரில் ஹீட்டர் ஓடும் யூனிட்டுக்கு எப்படியும் நீங்கள்தானே பணம் கட்டப் போகிறீர்கள்.