பழைய உத்திரங்களுக்கு ஒரு புதிய முத்திரை

காரைக்குடியில் என் சித்தப்பா நடத்தும் சிறிய தச்சுப் பட்டறைக்கு அடையாள வடிவமைப்பும் இணையதளமும் செய்து தரும் வேலையை விடுமுறைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டேன். அது இப்போது பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. செட்டிநாட்டு வீடுகள் இடிக்கப்படும்போது விலைக்கு வரும் பர்மா தேக்கு உத்திரங்களையும் நிலைகளையும் வாங்கி, ஆணி பிடுங்கி, அறுத்து, மேசையாகவும் ஊஞ்சல் பலகையாகவும் அலமாரியாகவும் மாற்றி விற்பதே அவர்களின் தொழில்.

நிறத்தையும் எழுத்துருவையும் தேர்வதற்கு முன்பே, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இத்துறையில் யாருடைய தளத்தைத் திறந்தாலும் ஒரு பச்சை இலையும் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற வரியும் எதிர்ப்படுகின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களோ, இப்படிப்பட்ட பொதுச் சொற்களை உரிய விளக்கமும் ஆதாரமும் இன்றி விளம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, வாங்குபவருக்கும் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. ஆகவே இலையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பொருளின் கீழும் அது என்ன மரம், எந்த ஊர் வீட்டில் என்னவாக இருந்தது, மேற்பூச்சு எது, புதிதாகச் சேர்த்த மரம் எவ்வளவு என்று எழுதுவதென முடிவு செய்தோம். அலமாரியின் பின்பலகை உள்ளூரில் வாங்கிய வேம்பு என்றால் அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

பொறுப்பாகப் பேணப்படும் காடுகளின் மரத்துக்குச் சான்றளிக்கும் எஃப்.எஸ்.சி. என்ற பன்னாட்டு அமைப்பின் முத்திரையைப் போடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். 1993-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பில் மறுபயன்பாட்டுப் பொருளுக்கும் முத்திரை உண்டு. ஆனால் பட்டறையே சான்று பெற்று, பழைய மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணமும் வைத்திருந்தால்தான் அதைப் பயன்படுத்த முடியும். இடிப்பு ஒப்பந்தக்காரரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கும் உத்திரத்துக்கு அது பொருந்தாது. ஈட்டி மரத்தில் வேறு சிக்கல்: அம்மரம் சேர்ந்த பேரினம் ஏறக்குறைய முழுவதும் 2017 ஜனவரி முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், அந்த நாற்காலிகளின் பக்கத்தில் ‘வெளிநாட்டுக்கு அனுப்பப்பட மாட்டாது’ என்ற வரி சேர்ந்தது.

சின்னம் திரையில் மட்டுமல்லாமல் மரத்திலும் சூடு போடப்பட வேண்டியது. முதல் வரைவில் பட்டறைப் பெயரை மெல்லிய கோடுகளில் அமைத்திருந்தேன். மூத்த ஆசாரி அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தப் புள்ளியெல்லாம் கரிஞ்சு ஒண்ணாயிடும்” என்றார். பித்தளை அச்சைச் சூடாக்கித் துண்டுப் பலகைகளில் வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னதே நடந்தது: ‘ண’வின் சுழிகள் அடைபட்டன, தேக்கின் பெரிய நுண்துளைகள் வரிசையாக ஓடும் இடத்தில் மெல்லிய கோடு அறுந்தது. இப்போது மரத்துக்குத் தனியாக ஒரு வடிவம் இருக்கிறது: பெயர் இல்லை, துளையில் முளை செருகிய மூட்டின் பக்கத்தோற்றம் மட்டும், தடித்த கோடுகளில். பெயரை இங்கே எழுதாததற்குக் காரணம், வணிகக்குறிப் பதிவில் மரச்சாமான்களுக்கு உரிய 20-ஆம் வகுப்பில் விண்ணப்பம் இன்னும் போடவில்லை.

தளத்தின் பத்திகளுக்குத் திறந்த உரிமம் கொண்ட முக்தா மலர் எழுத்துருவைத் தேர்ந்தேன். ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளியைத் தமிழுக்கும் போட்டால் மேல்வரியின் உகரக் கீற்றும் கீழ்வரியின் இகர விசிறியும் முட்டிக்கொள்கின்றன. எழுத்தளவைப் போல் 1.7 மடங்கு வைத்த பிறகே பத்தி மூச்சு விட்டது.

அதிக நேரம் பிடித்தது படங்கள்தான். புதிதாக இழைத்த தேக்கு ஒரே நிறத்தில் இருப்பதில்லை. இடையிடையே பச்சை கலந்த கருமை ஓடும். வெளிச்சம் பட்டு வாரங்கள் கழிந்தால் அது பொன்பழுப்பாகச் சமன்படும். எனவே இழைத்த அன்று எடுத்த படம், வாங்குபவர் வீட்டில் பின்னாளில் இருக்கப்போகும் மேசையைக் காட்டாது. மஞ்சள் விளக்கை அணைத்துவிட்டு, வடக்குச் சன்னலின் ஒளியில் சாம்பல் அட்டை வைத்து வெண்மையைச் சரிசெய்து, இழைத்த உடன் ஒன்று, நிறம் நிலைத்த பின் ஒன்று என இரண்டு படங்கள் எடுக்கிறேன். பழைய இரும்பு ஆணி இருந்த துளையைச் சுற்றியுள்ள கருநீலக் கறையை நெருக்கமாக எடுத்த படமும் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. அதைக் குறை என்று எண்ணுபவர் முன்கூட்டியே விலகிவிடட்டும்; பொருளைத் திருப்பி அனுப்பும் லாரிச் செலவு யாருக்கும் நல்லதன்று.

கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் இணையக்கடைத் தளம் எதுவும் இல்லை. எளிய நிலைப்பக்கங்களும் ஒரு வாட்ஸ்அப் பொத்தானும் மட்டுமே. கையிருப்பு ஒரு சமயத்தில் பத்துப் பொருளைத் தாண்டாத கடைக்குக் கூடை எதற்கு?

பராமரிப்புப் பக்கம் மட்டும் எழுதி முடியவில்லை. பராமரிப்புக்காக மரத்தில் பூசும் ஆளிவிதை எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று வெப்பம் வெளியிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கக்கூடும். துணியை வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள் என்ற எச்சரிக்கையைப் பக்கத்தின் தலையிலேயே வைக்கப்போகிறேன். சித்தப்பா அதை அடியில் வைக்கச் சொல்கிறார்.